புதினாவின் குளிர்ச்சி நாவிலா, உடலிலா?

அடுக்களை நலம்



வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் புதினாவுக்கு மதிப்புக் கூடிவிடுகிறது. மோரில் புதினா, சர்பத்தில் புதினா, துவையலில் புதினா, நோன்புக் கஞ்சியில் புதினா! "உடம்புச் சூட்டைத் தணிக்கும்" என்று பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகளும் முகஞ்சுளிக்காமல் உண்டுவிடுகின்றனர். கிடைத்தற்கரிய பொருளா என்றால் அதுவும் இல்லை. கையளவு கட்டு, சில்லறைக் காசு, கடையை அடைக்கும் மணம். அல்லாஹ் நமக்கு அளித்திருக்கும் எளிய அருட்கொடைகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆனால், புதினா மெய்யாகவே உடலைக் குளிரச் செய்கிறதா? இந்தக் கேள்வியை நானாக எழுப்பவில்லை. செம்பரம்பாக்கத்தில் வாழும் ஒரு தாயின் கண்ணீர் எழுப்பிய கேள்வி இது. அவர் இசைவு தந்ததால், பெயரை மட்டும் விட்டுவிட்டு, நிகழ்ந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

ஏரிக்கரையில் ஒரு குடும்பம்

அவர்கள் மேலப்பாளையத்தைச் சேர்ந்தவர்கள். இருங்காட்டுக்கோட்டையிலும், திருப்பெரும்புதூரிலும், ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காலத்தில் குடும்பத் தலைவர் வேலை தேடி வந்து, செம்பரம்பாக்கத்தில் வீடு பிடித்துக் குடியமர்ந்தார். இன்று மூத்த மகனும் அத்தகைய ஓர் ஆலையிலேயே பற்றவைப்புப் பிரிவில் பணி செய்கிறார். வயது 26. மணமாகி ஓராண்டு.

2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வந்த ரமலான் அது. மகனுக்குப் பிற்பகல் ஷிப்டு. நோன்பு வைத்துக்கொண்டே தீப்பொறிக்கு நடுவில் நிற்பார். பணியிடத்திலேயே நோன்பு திறந்து, நள்ளிரவை நெருங்கும் வேளையில் வீடு திரும்புவார். நெஞ்சில் எரிச்சல் என்று முதல் வாரத்திலேயே சொன்னார். தாய்க்கு மனம் பொறுக்குமா? "உள்சூடு ஏறிவிட்டது" என்று முடிவு செய்தார். இஃப்தாருக்குக் கொடுத்தனுப்பும் சர்பத்தில் புதினாச் சாற்றை இரட்டித்தார். கடையில் விற்கும் புதினா எண்ணெய்த் துளிகளையும் அதில் சேர்த்தார். படுக்கப் போகுமுன் ஒரு தம்ளர் புதினாத் தேநீர். ஸஹருக்குப் புதினாத் துவையல். போதாதென்று, நோன்பு திறந்த பின்னர் வேலை நேரத்தில் வாயில் அடக்கிக்கொள்ள ஒரு பொட்டலம் புதினா மிட்டாய்.

மிட்டாயை வாயிலிட்டால் தொண்டை சில்லென்று ஆகிவிடும். தாகம் தெரியாது. தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம் வரை நடக்க வேண்டியதில்லை. அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டிய தொல்லையும் குறையும். மகனுக்கு இது பெரிய வசதியாகத் தோன்றியது.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கையில், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. கண் இருண்டது. உடன் பணியாற்றுவோர் தாங்கிப் பிடித்து, மின்விசிறியின் கீழ் அமர்த்தி, பின்னர் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "நேற்று நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தீர்கள்?" எண்ணிப் பார்த்தால் சர்பத்தையும் தேநீரையும் சேர்த்தே நான்கு தம்ளர்கூட இல்லை. வியர்வையாகப் போனதோ அதைப் போலப் பல மடங்கு! நெஞ்செரிச்சலைப் பற்றி விசாரித்தபோது, எண்ணெய்த் துளியையும் மிட்டாயையும் படுக்கைநேரத் தேநீரையும் உடனே நிறுத்துமாறு சொன்னார்.

நான் அவர்களைப் பார்க்கச் சென்றபோது மகன் தேறியிருந்தார். தாய்தான் தேறவில்லை. "ராத்தா, குளிர்ச்சி என்று நினைத்துத்தானே கொடுத்தேன்? என் கையாலேயே பிள்ளைக்குக் கேடு செய்துவிட்டேனா?" என்று என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். மருமகள் அருகிலிருந்து, "மாமி, அப்படிச் சொல்லாதீர்கள்" என்று தேற்றிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அன்று நான் சொன்ன மறுமொழியையே, சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

மூன்று மருத்துவங்கள், ஒரே தீர்ப்பு

உணவுப் பொருளை 'சூடு', 'குளிர்ச்சி' என்று பிரித்துப் பேசுவது நம் நாட்டில் பன்னெடுங்கால வழக்கம். ஆயுர்வேதம் ஒவ்வொரு பொருளுக்கும் சுவை, குணம், வீரியம், விபாகம் என்று பார்க்கும். நாவில் படும்போது உணர்வது சுவை. உள்ளே சென்று உடலில் ஆற்றும் செயலின் தன்மை வீரியம். வீரியத்தில் முதன்மையானவை இரண்டு: உஷ்ணம், சீதம். செரித்து முடிந்த பின் எஞ்சுவது விபாகம். ஆகவே நாவுக்குக் குளிர்ச்சியாக இருப்பதெல்லாம் உடலுக்கும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தயிரையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் தொட்டால் குளிர்கிறது. ஆயுர்வேதக் கணக்கிலோ அது உஷ்ண வீரியம் உடையது!

புதினாவும் அப்படித்தான். நம் நாட்டு ஆயுர்வேத மருந்துப்பொருள் நூல்கள் அதனைக் கார்ப்புச் சுவையும், இலேசான தன்மையும், உஷ்ண வீரியமும் உடையதாகக் கூறுகின்றன. கபத்தையும் வாதத்தையும் தணிக்கும், பசியைத் தூண்டும், வயிற்று உப்புசத்தைப் போக்கும் என்பன அதன் பயன்களாகச் சொல்லப்படுகின்றன. சித்த மருத்துவக் குணபாடமும் அதன் சுவை கார்ப்பு, தன்மை வெப்பம் என்றே குறிக்கிறது. நம் முன்னோர் பெரிதும் நாடிய யூனானி மருத்துவத்தில் புதினா வெப்பமும் வறட்சியும் உடைய மூலிகை. 'புதினா' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து நமக்கு வந்ததுதான். அரபு நாடுகளுக்குச் சென்று வந்தவர்கள் அதனையே 'நஃனா' என்று கேட்டிருப்பார்கள்.

அப்படியாயின், 'குளிர்ச்சி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? முதற்காரணம், நாவில் உணரும் சில்லிப்பு. இரண்டாவது காரணம், அண்மைக் காலத்தில் மேலைநாடுகளில் ஆயுர்வேத உணவுமுறையைப் பற்றி எழுதியோர் பலர், புதினாவைப் பித்தம் தணிக்கும் குளிர்மூலிகைகளின் வரிசையில் சேர்த்துவிட்டனர். அந்த வரிசை சுற்றிச் சுற்றி நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. புதினா கலந்த வெந்நீர் வியர்வையைத் தூண்டும் என்பதும், வியர்வை உலரும்போது உடல் சற்றுத் தணியும் என்பதும் உண்மையே. ஆனால் அந்தக் குளிர்ச்சியைத் தருவது நம் உடலிலிருந்து வெளியேறும் தண்ணீர். உடலில் தண்ணீர் இருந்தால்தானே வியர்ப்பதற்கு?

நாவை நம்பவைக்கும் வித்தை

இனி, இன்றைய அறிவியல் சொல்வதைக் கேளுங்கள். நம் நாவிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளில் வெப்பத்தை அறியும் வாயில்களும் குளிரை அறியும் வாயில்களும் தனித்தனியே இருக்கின்றன. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் 1997-ஆம் ஆண்டில், மிளகாயின் காரத்துக்கு இடம் கொடுக்கும் வாயிலைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் திறக்கும் வாயில் அது. மிளகாயின் சாரம் பட்டாலும் அதே வாயில் திறந்துவிடுகிறது. அதனால்தான் மிளகாயைக் கடித்தால் வாய் 'எரிகிறது'.

2002-ஆம் ஆண்டில் அவரும், லெபனான் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்துவரும் ஆர்டெம் படபூட்டியானும், ஒருவரையொருவர் சாராமல், குளிரை அறியும் வாயிலையும் கண்டறிந்தனர். ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் திறக்கும் இந்த வாயிலை, மெந்தால் என்னும் புதினாச் சத்தும் திறந்துவிடுகிறது! வெப்பத்தையும் தொடுவுணர்வையும் அறியும் வாயில்களைக் கண்டறிந்தமைக்காக இவ்விருவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் பொருள் என்ன? மிளகாய் வாயைச் சுடுவதில்லை. 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. புதினா வாயைக் குளிர்விப்பதில்லை. 'குளிர்கிறது' என்று செய்தி அனுப்புகிறது. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் உடல் வெப்பம் இருந்த இடத்தில்தான் இருக்கும். புதினாத் துவையலில் நாம் பச்சைமிளகாயையும் சேர்த்து அரைக்கிறோம். இல்லாத சூட்டைச் சொல்லும் ஒன்றும், இல்லாத குளிரைச் சொல்லும் ஒன்றும் ஒரே அம்மியில்! சுவைக்கு அது நல்ல கூட்டு. வெப்பத்துக்கு அது மருந்தன்று.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். வாயின் வறட்சியும் சூடும் 'தண்ணீர் குடி' என்று உடல் அனுப்பும் தூதுகள். மெந்தால் வாயைச் சில்லென்று ஆக்கும்போது அந்தத் தூது மங்கிவிடுகிறது. தாகம் தீரவில்லை, தாகத்தின் குரல் அடங்கிவிட்டது. செம்பரம்பாக்கத்து இளைஞருக்கு நேர்ந்தது இதுவே. மிட்டாய் அவருக்குக் கேடு செய்யவில்லை. தண்ணீர் குடிக்கவேண்டிய நேரத்தில் குடிக்கத் தோன்றாமல் செய்துவிட்டது.

எல்லாப் புதினாவும் ஒன்றன்று

நம் கறிக்கும் துவையலுக்கும் பயன்படும் புதினாவில் மிகுந்திருப்பது கார்வோன் என்னும் மணப்பொருள். மெந்தால் சிறிதளவே உண்டு. அந்தப் புதினா ஓசூர், சூளகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் பெருமளவு விளைந்து, பெங்களூரு நெடுஞ்சாலை வழியே, செம்பரம்பாக்கத்தைக் கடந்துதான் கோயம்பேடு சந்தைக்குப் போய்ச் சேருகிறது. மிட்டாயிலும் பற்பசையிலும் தலைவலித் தைலத்திலும் சேரும் மெந்தால் வேறு இனப் புதினாவிலிருந்து எடுக்கப்படுவது. உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி முதலிய மாவட்டங்கள் அதன் விளைநிலம். உலகிலேயே மெந்தால் புதினா எண்ணெயை மிகுதியாக விளைவிக்கும் நாடு நம் இந்தியா. நாட்டுமருந்துக் கடைகளில் 'புதினா உப்பு' என்று பளிங்குபோல் விற்கப்படுவதும் இந்த மெந்தாலே.

ஆகவே, துவையலில் சேரும் ஒரு கைப்பிடி இலையும், ஒரு பாட்டில் எண்ணெயும் ஒன்றல்ல. இலை உணவு, எண்ணெய் மருந்து. மருந்துக்கு அளவு வேண்டும், ஆலோசனை வேண்டும்.

எவரெவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்?

முதலாவதாக, நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் உடையவர்கள். உணவுக்குழாய் இரைப்பையுடன் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. இரைப்பையின் அமிலம் மேலேறாமல் காப்பது அதன் பணி. மெந்தால் மிகுந்த புதினா எண்ணெய் அவ்வளையத்தைத் தளர்த்திவிடும். அமிலம் மேலேறும், எரிச்சல் கூடும். நம் கறிப்புதினா எல்லோருக்கும் இவ்வாறு செய்வதில்லை என்றாலும், மிகுதியாக உட்கொண்டால் சிலருக்கு எரிச்சல் தரும். எரிகிறதே என்று மீண்டும் புதினாவைக் கொடுத்தால் அது நெருப்பை நெய்யால் அணைப்பதாகும். உண்டவுடன் படுக்காமல் இருப்பதும், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்பதும், தலைமாட்டைச் சற்று உயர்த்தி உறங்குவதும் நெஞ்செரிச்சலுக்கு மெய்யான துணை. நெஞ்சில் அழுத்தமாக வலி தோன்றி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், அது 'வாயு' என்று வீட்டில் அமர்ந்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டாவதாக, கைக்குழந்தைகள். சளி பிடித்தால் மூக்கருகே புதினா உப்புச் சேர்ந்த தைலத்தைத் தடவும் பழக்கம் நம்மிடையே உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இதனைச் செய்யவே கூடாது. அதன் நெடி குழந்தையின் மூச்சுக்குழாயை இறுக்கி மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும்.

மூன்றாவதாக, இரத்தசோகை உடைய பெண்கள். புதினாத் தேநீரும் சாதாரணத் தேநீரைப் போலவே, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. கீரையும் பேரீச்சையும் உண்டுவிட்டு உடனே அதனைக் குடித்தால் உண்டதன் பயன் குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அப்படியானால் புதினாவை ஒதுக்கிவிடலாமா?

கூடவே கூடாது! புதினாவின் மெய்யான இடம் செரிமானம். பிரியாணியிலும் கறிக்குழம்பிலும் நம் மூதாட்டியர் அதனை அள்ளிப் போட்டது சூட்டைத் தணிக்கவன்று; கொழுப்பும் புலாலும் நிறைந்த உணவை வயிறு எளிதில் ஏற்றுக்கொள்ளவே. உஷ்ண வீரியம் உடையது, பசியைத் தூண்டுவது என்று மருத்துவ நூல்கள் சொல்வதும் இதனோடு பொருந்துகிறது. குடல் எரிச்சல் நோயினால் அடிக்கடி வயிறு பிசைந்து வலிப்பவர்களுக்கு, இரைப்பையைக் கடந்து குடலில் கரையும்படி உறையிட்ட புதினா எண்ணெய் மாத்திரைகளை இன்றைய மருத்துவர்களும் தருகின்றனர். குடலின் தசை தளர்வதால் வலி தணிகிறது. பாருங்கள்! நெஞ்செரிச்சல்காரருக்குத் தீங்காகும் அதே குணம், குடல்வலிக்காரருக்கு நன்மையாகிறது.

வெயிலில் வாய் கசந்து சோறு இறங்காத வேளையில், ஒரு கரண்டித் துவையல் உணவை இறங்கச் செய்யும். வெறுந்தண்ணீர் குடிக்க மறுக்கும் பிள்ளைக்கு, நாலு இலையைக் கசக்கிப் போட்டால் இரண்டு தம்ளர் உள்ளே போகும். இதுவும் பெரும்பயனே. புதினா தண்ணீருக்கு அழைப்பாக இருக்கட்டும். தண்ணீருக்கு மாற்றாக இருத்தல் வேண்டாம்.

மெய்யாகக் குளிர்விப்பவை

ஆயுர்வேதத்தில் கோடைக்கென்றே ஓர் ஒழுங்கு உண்டு. இனிப்பானவை, நீர்த்தன்மை உடையவை, நெய்ப்பு உடையவை, எளிதில் செரிப்பவை ஆகியவற்றைக் கோடையில் உண்ணச் சொல்கிறது. உப்பு, புளிப்பு, கார்ப்பு மூன்றையும் குறைக்கச் சொல்கிறது. கடும் உழைப்பைத் தவிர்க்கச் சொல்கிறது. மற்றைய பருவங்களில் பெரும்பாலும் விலக்கப்படும் பகலுறக்கத்தைக் கோடையில் மட்டும் அனுமதிக்கிறது. சீத வீரியம் உடையவை என்று அது எண்ணுபவை நன்னாரி, வெட்டிவேர், இளநீர், வெள்ளரி, நெல்லிக்கனி போன்றவை. குளிர்ச்சி வேண்டுவோர் நாடத்தக்கவை இவையே.

எனினும், தொழிற்கூடத்தின் வெப்பத்தில் நிற்பவருக்கு எந்த மூலிகையும் தண்ணீருக்கும் நிழலுக்கும் ஓய்வுக்கும் ஈடாகாது. வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. மிகுதியாக வியர்த்தவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் சிறந்தது. கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். உப்பு இதற்கு மேல் கூடக்கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

கால் இழுப்பும் தலைச்சுற்றலும் முதல் எச்சரிக்கை. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்குகளில் ஈரத்துணி வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புதினா நீரையுந்தான்.

நோன்பு நாட்களில்

நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் முடியும் வரையிலான நேரத்தில் 8 முதல் 10 தம்ளர் நீரைப் பகிர்ந்து குடிப்பதை ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு. திறக்கும்போது இரண்டு, கஞ்சிக்குப் பின் ஒன்று, இஷாவுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு, உறங்குமுன் ஒன்று, ஸஹரில் இரண்டு என்று பிரித்தால் வயிறு கனக்காது. பணியிடத்தில் நோன்பு திறக்கும் பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பதிலாக ஒரு லிட்டர் தண்ணீர்க் குப்பியைக் கொடுத்தனுப்புங்கள். குப்பி காலியாக வீடு திரும்ப வேண்டும் என்று அன்புக் கட்டளையும் இடுங்கள்.

நம் நோன்புக் கஞ்சி இவ்வகையில் ஓர் அரிய உணவு. நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் அதில் ஒருங்கே இருக்கின்றன. ஒரு கோப்பை பச்சரிசிக் குருணை, கால் கோப்பை பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஆகியவற்றை எட்டுக் கோப்பை நீரில் குழைய வேகவைத்து, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது வதக்கிச் சேர்த்து, இறுதியில் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். புதினாவையும் மல்லியையும் அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கையில் போடுங்கள். முன்கூட்டியே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களின் கோப்பைக்கு மல்லி மட்டும் போதும்.

கடும் வெப்பத்தில் உழைத்து உடல் தாங்காமல் போய்விட்டால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை மறந்துவிடாதீர்கள். உயிருக்கு ஊறு நேரும் நிலையில் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்வதற்கு வழி இருக்கிறது. ஐயமிருப்பின் ஆலிம்களையும் மருத்துவரையும் முன்னரே கேட்டுத் தெளிவது நல்லது. அந்த இளைஞரும் அன்றைய நோன்பை மருத்துவர் சொற்படி விட்டு, பெருநாளுக்குப் பின் நிறைவேற்றினார்.

வாசலில் ஒரு சட்டி

கடைப் புதினாவை வாங்கியதும் வேர்ப்பகுதியை நறுக்கி, உப்புக் கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள். மண் அடியில் தங்கிவிடும். இலையைக் கிள்ளிய பின் எஞ்சும் தடித்த தண்டுகளை எறிந்துவிட வேண்டாம். கணுவோடு ஒடித்து நீரில் நிறுத்தினால் சில நாட்களில் வேர் விடும். அகன்ற சட்டியில் நட்டு, காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படும் இடத்தில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். நுனியைக் கிள்ளக் கிள்ளப் படரும். கழிவுநீர் பாயும் இடத்தில் மட்டும் நட வேண்டாம்.

சகோதரிகளே! செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. ஆழம் 24 அடி. சென்னையின் தாகம் தீர்க்கும் அந்த ஏரியே 2019-ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்ததை நாம் கண்டோம். ஏரிக்கு உள்ள நியதிதான் உடலுக்கும். வரவு குறைந்து செலவு மிகுந்தால் கரையில் எத்தனை பசுமை இருந்தும் பயனில்லை.

அந்தத் தாயிடம் அன்று நான் சொன்னது இதுதான்: "நீங்கள் பிள்ளைக்குக் கேடு செய்யவில்லை. எல்லோரும் சொன்ன ஒரு சொல்லை நம்பினீர்கள். அன்பு சரியாகவே இருந்தது. அளவும் இடமும் மாறிவிட்டன. இனி முதலில் தண்ணீர், பிறகு புதினா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அதில் இரண்டு புதினா இலைகள் மிதந்தன. நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். தண்ணீர் தம்ளரின் விளிம்பு வரை இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

உங்கள் இல்லத்திலும் வெயிலில் உழைத்து வருவோர் இருப்பர். இன்று அவர் வாசலில் நுழைந்ததும், என்ன உண்டாய் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று கேட்டுப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வெந்தயத்தோடு சந்திப்போம்.